கடைசி ஆள் வரும்வரை

நேரே போகாதீங்க அக்கா. இடது பக்கம். கையை நீட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறேனே, கண்ணுக்குத் தெரியவில்லையா? நேரே போனால் திருச்சி ரோட்டு பஸ்களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்வீங்க. ரேஸ்கோர்சுக்கு இப்படித்தான் திரும்ப வேண்டும்.

என்ன, தள்ளிக்கொண்டு வர்றீங்க? செயின் கழன்று விட்டதா? உக்கடத்திலிருந்தே தள்ளிக்கொண்டா வர்றீங்க? நல்லா இருக்கு. கொடுங்க இப்படி. ஸ்டாண்டு போடுங்க. ஸ்டாண்டே இல்லையா? இவ்வளவு விலை கொடுத்து ஸ்டாண்டு இல்லாத சைக்கிளை ஏன்தான் வாங்குகிறார்களோ. சரி, சீட்டைப் பிடித்துக்கொண்டு நில்லுங்க.

பின்னால் யாரும் வரவில்லையா? ஆரஞ்சு கலர் மேல்சட்டை போட்டுக்கொண்டு ஒரு மேடம் உங்களுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டுமே. ரேவதி மேடம். "நீங்க முன்னால போங்க, வந்துடறேன்"னு சொன்னாரா? அது தப்பு. வால் எப்போதும் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வரவேண்டும். வால் என்றால் அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரர். உங்களை விட்டுவிட்டு அவர் எங்கே போனார்? எங்கள் அம்மாவும் அவரோடுதான் வந்திருப்பாள். அவளுக்கு ஏதாவது பஞ்சராக இருக்கும். வரட்டும்.

இன்றைக்குத்தான் முதல் தடவை, இல்லையா? பார்த்தாலே தெரிகிறது. போட்டோ பார்த்துவிட்டு வந்தீங்களா? எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்களே, அந்தப் போட்டோ. அதில் நான் இருக்க மாட்டேன். அந்த நேரத்தில் நான் ஏதாவது ஒரு முக்கில் இப்படி நின்றுகொண்டிருப்பேன்.

இதற்குப் பெயர் கம்பம். யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருபது பேர் சைக்கிளில் ஊருக்குள் போகிறோம். காந்தி பார்க்கில் கிளம்பி, டவுன்ஹால், உக்கடம், குளத்துக்கரை என்று சுற்றிக்கொண்டு ரேஸ்கோர்ஸ் வரைக்கும். எல்லாரும் ஒரே வேகத்தில் வர மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும், முன்னால் வழிகாட்டிக்கொண்டு போகிற தலைவருக்கு அடுத்து வருகிற ஆள் இறங்கி நின்று கையை நீட்ட வேண்டும். வால் கடந்து போகிறவரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. வால் போன பிறகு கம்பம் கிளம்பலாம். தலைவருக்கு அடுத்து யார் வருவார்கள்? வேகமாக ஓட்டுகிறவர்கள். அதாவது நான். வேகமாக ஓட்டினால் அதற்குத் தண்டனை, நிற்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் கைதட்டல். ஆமாம், சொன்னால் நம்ப மாட்டீங்க. முடிவில் ஒரு பேக்கரியில் உட்காருவோம். கடைசியாக வருகிற ஆள் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். அது இந்தக் குழுவின் வழக்கம். நான் முதலில் போய்ச் சேர்ந்த நாளில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தாரணி, அப்படியே எல்லாருக்கும் டீ சொல்லிடு."

தாரணி என் பெயர். பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதீங்க. பிடிக்கவில்லை, விட்டேன், அவ்வளவுதான். கிராஸ்கட் ரோட்டில் செல்போன் கவர் விற்கிற கடையில் இருக்கிறேன். ரேவதி மேடம் அங்கே கவர் வாங்க வந்தவர்தான். கடை வாசலில் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாம்மா, ஃபிரண்ட்லியா ஓட்டுவோம் என்றார். அவர் முட்டிவலிக்குப் பயிற்சி கொடுக்கிறவர். அவருக்கு எல்லாரையும் எங்கேயாவது நடக்கவோ ஓட்டவோ வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் ரேஸ் என்று நினைத்து வந்தேன். வந்து பார்த்தால் பூங்கா பூங்காவாக நின்று தண்ணீர் குடிக்கிறார்கள்.

எங்கள் அம்மா எப்படி வந்தாள் என்றால், என்னைக் காவல் காக்க. சிரிக்காதீங்க. முன்பின் தெரியாத ஆட்களோடு பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விட முடியாதாம். செல்வபுரத்தில் ஒரு மெடிக்கலில் பில் போடுகிறாள் அம்மா. பூங்கொடி என்றால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வேலைக்குப் போகிற கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டாள். எனக்கு மானமே போய்விட்டது. எல்லாரும் கியர் சைக்கிள், இவள் கூடை.

அப்பாவா? ஈரோட்டில் இருக்கிறார். வேறு குடும்பம். நான் மறைக்க மாட்டேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

பிடிங்க, சீட்டை ஆட்டாதீங்க. செயின் உள்பக்கம் சிக்கியிருக்கிறது.

அம்மாதான் கடைசியாக வருவாள். ஒவ்வொரு வாரமும். மற்றவர்களுக்கெல்லாம் போகப்போக வேகம் கூடியது. மூச்சுவாங்கிக்கொண்டு வந்த ஒரு தாத்தாகூட இப்போது நடுவில் வருகிறார். அம்மா மட்டும் மாறவே இல்லை. வால் அவளுக்குப் பின்னால் வரும். வால் என்றால் ரேவதி மேடம் இல்லை, அவர் இன்றைக்கு மட்டும்தான். இத்தனை நாளும் வால் ஜெயசீலன் அங்கிள்தான். காந்திபுரத்தில் பல்செட் செய்கிற லேப் வைத்திருக்கிறார். வீடு போத்தனூரில். மனைவி செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. ஒரே மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். சர்ச்சுக்குப் போகிற ஆள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டிவிட்டுச் சாயங்கால ஆராதனைக்குப் போவார். காற்றடிக்கிற பம்பும் கடலைமிட்டாயும் பையில் எப்போதும் இருக்கும். என்னையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். எனக்கு அது பிடிக்காது. பதினேழு வயதுப் பெண்ணிடம் என்ன வாங்க போங்க.

நான் முக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். என் வேலையே அதுதானே. முதலில் அம்மா முகம் சிவந்து வருவாள், அங்கிள் ஒரு பர்லாங் பின்னால் வருவார். அப்புறம் பத்தடி பின்னால். அப்புறம் பக்கத்திலேயே. ஒரு தடவை ஆர்.எஸ்.புரத்தில் நான் கம்பம். காத்துக் காத்துக் கால் மரத்துவிட்டது. எட்டிப் பார்த்தால் ரெண்டு பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்தடியில் மரமல்லிப் பூ பொறுக்குகிறார்கள். அந்தப் பக்கம் இருபது பேர் டீக்குக் காத்திருக்கிறார்கள், இந்தப் பக்கம் நான் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், இவர்கள் கூடையில் பூவை நிரப்புகிறார்கள். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சும்மாதானே கீழ கெடந்துச்சு கண்ணு" என்றாள். அதுவா கேள்வி?

எனக்கு முதலில் சைக்கிள்மேல்தான் சந்தேகம். ரிம் கோணலா என்று பார்த்தேன். சக்கரத்துக்குள் இருக்கிற பால்ஸை மாற்றினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். பிரேக் கட்டை உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறும் கடைசி. முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். காத்து எதிரில் அடிக்கிறதாம்.

அந்த வாரம்தான் நான் டவுன்பஸ்ஸில் போகும்போது அவளைப் பார்த்தேன். பேரூர் ரோட்டில் சைக்கிளில் போகிறாள். சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்கிறாள் அக்கா. சேலையை இழுத்துச் செருகியிருக்கிறாள். எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போய்விட்டாள். டிரைவரே ஹாரன் அடித்தார். அன்றைக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டதாம். இதே ஆள் ஞாயிற்றுக்கிழமை எருமை மாதிரி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடிக்கிற காத்து எங்கே இருக்கிறது? நான் என்ன நினைத்தேன் என்றால், வாரம் பூராவும் வேலைக்கு விழுந்தடித்து ஓட்டிவிட்டு ஞாயிறன்று களைத்துப்போகிறாள் என்று. பேசாமல் வீட்டில் தூங்கச் சொன்னேன். கேட்கவில்லை. என்னைக் காவல் காக்க வந்தவள், நான் வராத ஒரு வாரம் அவளாகவே கிளம்பிப் போனாள். காய்ச்சலோடு நான் படுத்திருக்கிறேன், கஞ்சி வைத்துவிட்டு இவள் ஹெல்மெட்டை மாட்டுகிறாள்.

போன ஞாயிறு பேக்கரியில் அம்மாவும் அங்கிளும் வழக்கம்போலக் கடைசியில் வந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ரேவதி மேடம் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே, அடுத்த வருசம் நமக்கெல்லாம் ஒரு பிரியாணி இருக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரியாணி என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். அப்புறம் பார்த்தால் அம்மா மட்டும் சிரிக்காமல் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கிள் எழுந்து போய்ச் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார். காற்று குறையாத சக்கரத்துக்கு.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன். அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகச் சொன்னாள். ஜெயசீலன் அவளைக் கேட்டிருக்கிறார். கல்யாணம்தான், வேறென்ன. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

"நீ என்ன கண்ணு சொல்றே?"

"எனக்குப் பசிக்குது"ன்னு சொன்னேன். பசித்தது. அதைத்தான் சொன்னேன்.

அதற்கு அவள், "நீ வேண்டாம்னா யோசிக்கிறேன்" என்றாள். யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அவளால் அதை அந்த ஆளிடம் சொல்ல முடியவில்லை. எங்கள் அம்மா அப்படித்தான். மெடிக்கலில் யாராவது பாதி மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்தால்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அவளுக்காக நான்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் சர்ச்சுக்குப் போகிற ஆள் என்பதற்காக இல்லை. சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்பதற்காகவும் இல்லை, அவர்கள் எப்போதுதான் பேசவில்லை. கோயிலுக்குப் போகிற ஆளாக இருந்தாலும் எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் நாங்கள் ரெண்டு பேர். ஒரு கட்டில், அதில் ரெண்டு பேர். டிவி பார்க்கும்போது அவள் காலை என் மடியில் போட்டுக்கொள்வாள், நான் திட்டுவேன். இதற்குள் இன்னொரு ஆளை எங்கே வைப்பது? கடலைமிட்டாயோடு?

அதனால் புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து அவர் லேபுக்குப் போனேன். மாடியில் சின்ன ரூம். மேஜை முழுக்கச் சுண்ணாம்பில் செய்த தாடைகள், வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. அவர் ஒரு தாடையை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க தாரணி என்றார். நான் உட்காரவில்லை. நீங்க இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றேன். எங்கள் அம்மாவுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை என்றேன்.

அவர் அந்தத் தாடையைக் கீழே வைத்தார்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"எங்கம்மா வாயத் தொறந்து எதையும் சொல்ல மாட்டாங்க. நாந்தான் சொல்லணும்."

"சரிங்க கண்ணு" என்றார். அவ்வளவுதான். ஒரு சண்டைகூடப் போடவில்லை. நான் சண்டைக்கு என்னென்னவோ யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன், எல்லாம் வீண். டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். குடித்தேன். டீமேல் எனக்கென்ன கோபம். நல்ல டீதான். கிளாசை நான் வைத்ததும் அவரே எடுத்துக் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். நான் வந்துவிட்டேன்.

இதில் என்ன தப்பு சொல்லுங்க? உங்கள் மூஞ்சியைப் பார்த்தால் நீங்களும் அந்தக் கும்பல்தான் என்று தெரிகிறது. ஐயோ பாவம் என்பீங்க. யார் பாவம்? முக்கு முக்காக நின்றது நான். அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று வெயிலில் காய்ந்தது நான். எனக்குத் தெரியாமல் என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. ஊரே பார்த்திருக்கிறது, கை வேறு தட்டியிருக்கிறது. அந்தக் கைதட்டல் எதற்கு என்று இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ம், செயின் ஏறிவிட்டது. பெடலைச் சுற்றுங்க. மெதுவாக. சரி.

இன்றைக்குக் காலையில் காந்தி பார்க்கில் அவர் இல்லை. ஆரஞ்சுச் சட்டை ரேவதி மேடத்திடம் இருந்தது. அம்மா வந்து இறங்கினாள், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். ரேவதி மேடம் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். அம்மா போனை எடுத்துக்கொண்டு பார்க் கேட்டுப் பக்கம் போனாள். நான் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. திரும்பி வந்தவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று பார்த்தேன். என் ஹெல்மெட் பட்டை முறுக்கிக் கிடந்ததாம், அதை நேராக்கிவிட்டுப் பின்னால் போய்விட்டாள். பார்த்தீங்களா? கோபமே இல்லை. முடிந்தது. இனிமேல் ஒழுங்காக ஓட்டுவாள், நடுவில் வருவாள், நானும் அவளும் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்.

இன்னும் ஏன் வரவில்லை என்றுதான் தெரியவில்லை. பஞ்சர் என்றால்கூட இவ்வளவு நேரமா?

அதோ. ஆரஞ்சு. ரேவதி மேடம்தான். என்ன இப்படி வேர்த்து ஊற்ற வருகிறார்? தனியாக வருகிறாரே.

மேடம், அம்மா எங்கே? பஞ்சரா? எங்கே நிற்கிறாள்? பேசுங்க மேடம், அப்புறம் மூச்சு வாங்கிக்கலாம்.

என்ன?

எங்கே போறதா சொன்னாங்க?

ம்.

ம். சரி. நீங்க போங்க. இந்த அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லே, நீங்க முன்னால போங்க, செயின் இப்பத்தான் மாட்டியிருக்கேன், இவங்க மெதுவா வரட்டும். நான் வர்றேன். வர்றேன்னு சொல்றேன்ல. போங்க மேடம்.

கேட்டீங்களா அக்கா அவர் சொன்னதை? காதைத் தீட்டிக்கொண்டுதானே நின்றீங்க. உக்கடத்தில் எல்லாரும் குளத்துக்கரைக்குத் திரும்பினோமே, அங்கே எங்கள் அம்மா திரும்பவில்லையாம். ஆத்துப்பாலம் ரோட்டில் நேரே போய்விட்டாளாம். போத்தனூருக்கு. லேபுக்கு நான் போனது அவளுக்குத் தெரியுமாம். காலையில் பார்க் கேட்டுப் பக்கம் போய் அவரிடம்தான் போனில் பேசியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு வந்துதான் என் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்திருக்கிறாள்.

ரேவதி மேடம் தடுக்கலாம் என்று பின்னாலேயே விரட்டியிருக்கிறார். பிடிக்க முடியவில்லையாம். கியர் சைக்கிளில் போயும் பிடிக்க முடியவில்லையாம். "உங்கம்மா என்னா வேகம் தாரணி, பாலத்து மேட்டுலகூட உக்காரலை"ன்னு எனக்கே வந்து சொல்கிறார். எனக்குத் தெரியாதா அவள் வேகம். பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அவர்தான் இன்றைக்குப் புதிதாகப் பார்க்கிறார்.

அந்தத் திருப்பத்திலேயே மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டீங்கல்ல? "மாவு இருக்கு, அவளையே தோசை ஊத்திக்கச் சொல்லுங்க. மத்தியானம் வந்துடுவேன்." என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏன் போனே, எதுக்குப் பேசினே என்று ஒரு திட்டுக்கூட இல்லை. தோசை. எனக்குத் தோசை வராது அக்கா. கல்லோடு ஒட்டிக்கொள்ளும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் ஏன் இன்னும் நிற்கிறீங்க? செயின் போட்டாயிற்று. ஏறுங்க. நேரே போகாதீங்க, இடது பக்கம். கொஞ்சம் போனால் பேக்கரி வாசலில் சைக்கிள்கள் நிற்கும். நீங்கள்தான் இன்றைக்குக் கடைசி, உள்ளே போனதும் கைதட்டுவார்கள். பயப்படாதீங்க.

நான் வரவில்லை. எனக்கும் ரூல் தெரியும். வால் போய்விட்டது, கம்பம் கிளம்பலாம். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

போங்க அக்கா. இன்னும் ஒரு ஆள் வரணும்.